76 வயதில் கீமோ: எடுப்பதா, விடுவதா? எங்கள் வீட்டில் நடந்தது

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 76 வயது, பால்மரம் வெட்டியே எங்களை வளர்த்தவர். பெருங்குடலில் கட்டி, ஈப்போவில் ஆபரேஷன் ஆகி தையலும் ஆறிவிட்டது. வெட்டியெடுத்த நிணநீர்க் கணுக்களில் இரண்டில் புற்று இருந்ததால் மூன்றாம் நிலை என்றார்கள். (குறைந்தது 12 கணுவாவது எடுத்துப் பார்த்தார்களா என்று அறிக்கையில் பாருங்கள், அதற்குக் குறைந்தால் நிலையைக் கணிப்பதே சந்தேகம்தான்.)

அப்புறம் ஆரம்பித்தது வீட்டுச் சண்டை. கேஎல்லில் இருக்கும் அண்ணன், இருப்பதிலேயே பலமான மருந்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றார். அத்தையோ, "இந்த வயசுல அந்த ஊசி போட்டா ஆளு தேறாது" என்று ஒரே பிடிவாதம். தையல் ஆறி, ஆபரேஷன் ஆன 8 வாரத்துக்குள் கீமோவைத் தொடங்கினால் நல்லது என்று ஆஸ்பத்திரியில் வேறு சொல்லிவிட்டார்கள். அம்மாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமலே இத்தனையும் நடந்தது.

முடிச்சை அவிழ்த்தது புற்றுநோய் டாக்டர்தான். கீமோ என்று நாம் ஒரே மூட்டையாகப் பேசுவதில் இரண்டு மருந்து இருக்கிறது என்றார். ஒன்று கேப்சைட்டபின் மாத்திரை: சாப்பிட்டு அரை மணிக்குள் காலையும் மாலையும், 14 நாள் போட்டு 7 நாள் ஓய்வு, இப்படி 8 சுற்று. இன்னொன்று டிரிப்பில் ஏற்றும் ஆக்சாலிபிளாட்டின். நோய் திரும்பாமல் தடுப்பதில் பெரிய பங்கு மாத்திரைக்கே, இரண்டாவதைச் சேர்த்தால் வயது குறைந்தவர்களுக்குக் கூடுதல் பலன் உண்டு, ஆனால் 70 தாண்டியவர்களுக்கு அந்தக் கூடுதல் பலன் ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. கை கால் மரத்துப்போவது மட்டும் வயது பார்க்காமல் வரும், சிலருக்கு வருஷக்கணக்கில் போகாது.

அதுவரை வாய் திறக்காத அம்மா, தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டார்: "கை மரத்தா பூ கட்ட முடியுமா?" டாக்டருக்குப் புரியவில்லை. அம்மா வெறும் விரலிலேயே நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் காட்டினார். மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை சரம் அவர் கைதான். "அப்போ மாத்திரை மட்டும் போதும், மாக்சிக்" என்றார் டாக்டர். அண்ணனுக்கு மனசே இல்லை. ஆனால் சொன்னது அம்மா.

மாத்திரையும் சும்மா விடவில்லை. சில சுற்றிலேயே உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது, ஈர நார் விரலிடுக்கில் பட்டாலே எரிச்சல். யூரியா கிரீம் கொடுத்தார்கள், அளவையும் குறைத்தார்கள். அளவைக் குறைத்தால் வைத்தியம் வீண் என்று அண்ணன் போனில் குதித்தார், அப்படியெல்லாம் இல்லை. அம்மா 8 சுற்றையும் முடித்துவிட்டார்.

தெலுக் இந்தான் மகன்:
அக்கா, எங்க அப்பாவுக்கு 67, இரண்டு மருந்தும் எடுத்தார். ஆனால் 3 மாதம்தான். கட்டி குடல் சுவரைத் தாண்டி ரொம்பப் போகாமல், புற்று இருந்த கணு 3-க்குள் இருந்தால், இந்தக் கூட்டு மருந்தை 3 மாதம் கொடுப்பதும் 6 மாதம் கொடுப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று 2018-இல் வந்த ஆய்வைக் காட்டினார்கள். டிரிப் ஏறிய வாரமெல்லாம் ஐஸ்பெட்டிக் கதவைத் தொட்டாலே கரண்ட் அடித்த மாதிரி கையை உதறுவார், ஐஸ் மைலோவை மறந்தே போனார். இப்போது பாதத்தில் மட்டும் கொஞ்சம் மதமதப்பு. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், கேப்சைட்டபினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு வரலாம்.

பாகாவ் மருமகள்:
எங்க மாமாவுக்கு 83, இருதயமும் சரியில்லை, சிறுநீரகமும் பாதிதான் வேலை செய்கிறது. வேண்டாம் என்று அவரே சொன்னார், டாக்டரும் வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்றதும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் விடவில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை, புற்று திரும்புகிறதா என்று பார்க்கும் சிஇஏ இரத்தப் பரிசோதனை, இடையில் ஸ்கேன், வருஷம் திரும்பியதும் குடலுக்குள் கேமரா. சொந்தக்காரர்கள் வந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள், மாமா தே ஓவைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் சரி சரி என்பார். அக்கா, அந்த யூரியா கிரீம் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்ததா, வெளியே மருந்துக்கடையில் வாங்கியதா? எங்க நாத்தனாருக்கு இப்போதுதான் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள்.