தேனீக்குப் ‘பிறர்’ உண்டா? – ஒரு கலைச்சொல் இழை

பொருள்: தன்னலத்துக்கு எதிர்ச்சொல் – வெள்ளிக்குள் தேவை

செ.வா. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி முதலாண்டு உயிரியல் நூலில் சமூக நடத்தையின் பரிணாமம் பற்றிய இயல் தமிழாகி வருகிறது. வெள்ளியன்று அச்சுக்கோப்புக்குப் போக வேண்டும்.

இயலின் நடுவில் நாலு கட்டம் உள்ள அட்டவணை. பரிணாம உயிரியலாளர் ஹாமில்டன் 1964-இல் தந்த வகைப்பாடு அதன் அடிப்படை. ஒரு செயலால் செய்யும் உயிருக்கு லாபமா நட்டமா, பெறும் உயிருக்கு லாபமா நட்டமா என்பதே கேள்வி. இரண்டுக்கும் லாபம் என்றால் இருபயன். செய்வதற்கு லாபம், பெறுவதற்கு நட்டம் என்றால் தன்னலம். இரண்டுக்கும் நட்டம் என்றால் வன்மம். செய்வதற்கு நட்டம், பெறுவதற்கு லாபம் என்ற கட்டம் காலியாகக் கிடக்கிறது. ஆல்ட்ரூயிசம் என்று ஒலிபெயர்த்துவிட மனம் வரவில்லை.

லாபம், நட்டம் என்பது வாழ்நாளில் விட்டுச்செல்லும் சந்ததிக் கணக்கு மட்டுமே. எண்ணம், நல்ல மனசு எதற்கும் அதில் இடமில்லை.

கையில் உள்ள சொற்கள் எல்லாமே இடறுகின்றன. ‘பொதுநலம்’ என்றால் வேலைக்காரத் தேனீ உலகத்துக்கே உழைப்பதாகிறது. அது உழைப்பது தன் கூட்டுக்கு. ‘தியாகம்’ என்றால் எண்ணம் உள்ளே வந்துவிடுகிறது. ‘தன்னலமின்மை’ என்று போட்டால் “தன்னல மரபணு தன்னலமின்மையைத் தோற்றுவிக்கிறது” என்ற வாக்கியம் வரும், மாணவர் அச்சுப்பிழை என்று நினைப்பார். ‘பிறர்நலம்’ ஓரளவு தேறுகிறது.

சொல் பெயராக மட்டும் நின்றால் போதாது. அதைச் செய்யும் உயிருக்கு ஒரு பெயர், பண்பு, மரபணு என்பவற்றின் முன் நிற்கும் அடைவடிவம், மறுப்பு வடிவம் மூன்றும் கிளைக்க வேண்டும். கட்டத்தின் அகலத்துக்குப் பத்து எழுத்துக்கு மேல் கொள்ளாது.

புலவர் மு. எழுதியது:

பிறர்நலம் தேறாது அம்மா. பிறன், பிறள், பிறர் மூன்றும் உயர்திணை. அஃறிணைக்குப் பிறிது, பிற. ஆனால் ‘தான்’ விரவுப்பெயர், இரு திணைக்கும் பொது. எனவே தேனீக்குத் தன்னலம் உண்டு, பிறர்நலம் கிடையாது! தேனீயை உயர்திணை ஆக்கினால் ஒழிய அந்தச் சொல் நிற்காது.

‘பிற’ என்று தொடங்கலாமா என்றால், ‘பிறநலம்’ என்பதை ‘ஏனைய நலங்கள்’ என்றுதான் படிப்பார்கள். மிச்சம் ‘பிறிது’. குறள் 315-இல் “பிறிதின்நோய் தந்நோய்போல்” என்று வருகிறதே, அங்கே பிறிது என்பது பிறிதோர் உயிர். நாம் தேடுவதும் அதுவே. நோய் இருந்த இடத்தில் நலத்தை வைத்தால் பிறிதின்நலம். ஏழு எழுத்து, ஒற்றையும் சேர்த்து எண்ணிவிட்டேன்.

ந.கு. எழுதியது:

புலவர் ஐயா, திணைக் கணக்கு எனக்குப் புதிது, ரசித்தேன். ஆனால் சோதனையில் விழுகிறது. ‘பிறிதின்நல மரபணு’ என்று எழுதிப் பாருங்கள். வேறொரு மரபணுவின் நலம் என்றும் படும், வேறோர் உயிரின் நலத்தைக் கூட்டும் மரபணு என்றும் படும். மரபணுவின் நலம் வேறு, அதைச் சுமக்கும் உயிரின் நலம் வேறு என்பதைப் பிரித்துக் காட்டத்தான் இந்த இயலே இருக்கிறது. அங்கேயே சொல் குழம்பினால் பாடம் போச்சு.

பொதுநலத்தை ஒதுக்கியதற்கு இன்னொரு காரணமும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடோமோனாஸ் பாக்டீரியா இரும்பு குறைந்த சூழலில் பையோவெர்டின் என்ற பொருளை வெளியே சுரக்கிறது. அது இரும்பைப் பிடித்துக்கொண்ட பின், சுரக்காத அண்டைச் செல்களும் அதை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். இந்த மாதிரிப் பொருளைத்தான் பொருளியலார் வழியில் ‘பொதுப்பண்டம்’ என்கிறோம். ‘பொது’ அங்கே தேவைப்படுகிறது, இங்கே செலவழித்துவிட வேண்டாம். (இந்தச் சுரப்பு வகைக்கு ‘இரும்புக்கொணரி’ என்று வைத்துக்கொள்ளலாம். கிரேக்கத்திலும் இரும்பு சுமப்பது என்றுதான் பொருள்.)

தூ. எழுதியது:

ஈகம். மூன்றே எழுத்து. செய்வது ஈகி. ஈகப் பண்பு, ஈக மரபணு, ஈகமற்ற. செ.வா. கேட்ட கிளைகள் எல்லாம் தண்டிலேயே இருக்கின்றன. தியாகத்துக்குத் தனித்தமிழில் ஏற்கெனவே வழங்கும் சொல்தான், புதிதாகப் புழங்கப் பழக வேண்டியதில்லை.

புலவர் மு. எழுதியது:

தம்பி, ‘ஈ’ என்று இறங்கியபின் தொல்காப்பியத்தைத் தாண்டிப் போக முடியாது. ஈ, தா, கொடு மூன்றும் இரத்தற் சொற்கள். “ஈ என் கிளவி இழிந்தோன் கூற்றே.” தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்பது ஈ, ஒத்தவன் கேட்பது தா. அப்படியானால் ஈகத்தில் கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே. கூட்டில் பெறுவது அரசி, கொடுப்பது வேலைக்காரி! தலைகீழாக இருக்கிறதே. ஒத்த நிலைக்குத் ‘தா’வினின்று ‘தருகை’ என்று ஆக்கினால் என்ன?

தவிர, ‘தேனீயின் ஈகம்’ என்பதில் ஈ இரண்டு முறை ஒலிக்கிறது. ஒன்று பறக்கிறது, ஒன்று கொடுக்கிறது. வகுப்பில் சிரிப்பு வரும்.

ந.கு. எழுதியது:

சிரித்தால் நினைவில் நிற்கும் ஐயா, அது நட்டமில்லை. தொல்காப்பியர் சொன்னது கேட்பவனின் கூற்று. தேனீ யாரும் கேட்டுக் கொடுக்கவில்லை.

என் தயக்கம் வேறு. ஈகம் என்றதும் மாணவர் மனத்தில் போர்க்களமும் சிறையும் வரும். டிக்டியோஸ்டீலியம் என்ற அமீபாவைப் பாருங்கள். உணவு தீர்ந்ததும் பல்லாயிரம் தனிச்செல்கள் ஒன்றுகூடி ஒரு காம்பும் அதன் உச்சியில் வித்துருண்டையும் ஆகின்றன. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செல்கள் காம்பாகி மடிகின்றன, மீதி வித்தாகிப் பிழைக்கின்றன. காம்புச் செல்லுக்கு ‘ஈகி’ பட்டம் கொடுப்பதா?

ஆனால் ஆங்கிலமும் இதே சேற்றில்தான் நடந்தது. ஆல்ட்ரூயிசம் என்பது 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் கோம்த் அறவியலுக்காகப் படைத்த சொல், ‘பிறருக்குரிய’ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து. அதையும் திணைப்படி பார்த்தால் உயர்திணைதான். உயிரியலார் எடுத்து, நெறிமணத்தைக் கழுவி, வரையறையால் கட்டினார்கள். நாமும் முதல் பத்தியிலேயே “இச்சொல் எண்ணத்தைக் குறிக்காது” என்று எழுதிவிட்டால் ஈகம் தாங்கும்.

யா. எழுதியது:

வணக்கம். ஈகத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மேலே எல்லாரும் ‘பரிணாமம்’ என்கிறீர்கள். இலங்கைப் பாடநூல்களில் ‘கூர்ப்பு’. மரபணுவுக்குப் ‘பரம்பரையலகு’. செல்லுக்குக் ‘கலம்’. ஒரே மொழியில் இரண்டு நூலகம் வேண்டுமா என்பது என் பழைய கேள்வி, இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன்.

விடமுடியாதது ஒன்று: உறவுக்கு உதவும் பண்பு இயற்கைத் தேர்வால் பரவுவதற்கு வரைவில் ‘உறவினர் தேர்வு’ என்று இருக்கிறது. 1964-இல் உயிரியலாளர் மேனார்டு ஸ்மித் வைத்த பெயருக்கு இது சொல்லுக்குச் சொல் சரி. பொருளில் பெரும்பிழை. உறவினருக்குப் பரீட்சை என்று படும், அல்லது உறவினரைத் தேர்ந்தெடுப்பது என்று. தேர்வது இயற்கை, உறவு வழியாக. ‘உறவுவழித் தெரிவு’ என்றால் இரண்டு இடறலும் போய்விடும்.

தூ. எழுதியது:

சங்கத்தில் சுற்றத்துக்குக் ‘கிளை’ என்று பெயர். கிளைத்தெரிவு. சுருக்கமும் அழகும்.

யா. எழுதியது:

அழகுதான். ஆனால் அதே நூலில் பரிணாம மரமும் அதன் கிளைகளும் இருக்கின்றனவே. முந்தின பக்கத்துக் கிளையும் இந்தக் கிளையும் ஒன்றா என்று கேட்பார்கள்.

செ.வா. எழுதியது:

உறவுவழித் தெரிவு, எடுத்துக்கொண்டேன். ‘தேர்வு’ என்று பழகியவர்கள் இரண்டு வாரம் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

அடுத்தது சமன்பாடு. நெருக்கத்தை அளக்கும் எண்ணுக்கு ‘உறவுக்கெழு’ என்று எழுதியிருக்கிறேன். கெழு கணிதத்தில் வழங்குவதுதான். எழுத்துகள்: உறவுக்கெழு உ, பயன் ப, இழப்பு இ. உ × ப > இ ஆனால் பண்பு பரவும். ந.கு. சரிபார்க்க வேண்டும்.

புலவர் மு. எழுதியது:

கெழு! ‘கெழுதகைமை’ என்றால் நெருக்கத்தால் வரும் உரிமை. கணிதக்காரர் அறியாமல் எடுத்த சொல் இங்கே வீடு திரும்பிவிட்டது. இதை மாற்றச் சொன்னால் நான் உண்ணாநோன்பு.

ந.கு. எழுதியது:

மாற்ற வேண்டாம். சமன்பாடு சரி. எடுத்துக்காட்டை மட்டும் இப்படி வையுங்கள்: ஒரு பறவை தனக்குப் பிறக்கவிருந்த குஞ்சு ஒன்றை இழந்து, உடன்பிறப்புக்குக் கூடுதலாக மூன்று குஞ்சு பிழைக்க உதவுகிறது. முழு உடன்பிறப்பு என்றால் 0.5 × 3 = 1.5, இழப்பு 1, பரவும். ஒரு பெற்றோர் மட்டும் பொது என்றால் 0.25 × 3 = 0.75, பரவாது.

வரைவில் இரண்டு பிழை. முதலாவது, உறவுக்கெழுவை ‘பொதுவாக உள்ள மரபணுக்களின் விழுக்காடு’ என்று எழுதியிருப்பது. அப்படிப் பார்த்தால் ஓர் இனத்தின் எல்லா உயிருக்கும் பெரும்பாலான மரபணுக்கள் பொதுதான். எல்லாரும் எல்லாருக்கும் உயிரைக் கொடுக்க வேண்டும். கெழு அளப்பது, அந்தக் கூட்டத்தின் சராசரியைவிட எவ்வளவு கூடுதலாக ஒத்திருக்கிறது என்பதை. சராசரியைவிடக் குறைந்தால் கெழு எதிர்மமாகும். அப்போது வன்மம் என்ற கட்டமும் கணக்குக்குள் வந்துவிடும்.

இரண்டாவது, தேனீப் பத்தி. “சகோதரிகளுக்குள் உறவுக்கெழு 0.75, தன் மகளோடு 0.5, அதனால் வேலைக்காரிகள் மலடாயின” என்று முடித்திருக்கிறீர்கள். இது பழைய பொறி. சகோதரனோடு கெழு 0.25 மட்டுமே, ஆணும் பெண்ணும் சமமாகப் பிறந்தால் சராசரி மறுபடி 0.5. அரசி பல ஆண்களோடு இணையும்போது 0.75-உம் நிற்காது. பத்து ஆண்கள் சம பங்கு என்றால் சகோதரிகளுக்குள் 0.25 + 0.5 ÷ 10 = 0.30 தான். ஆணுக்கு ஒரு தொகுதி மரபணு, பெண்ணுக்கு இரண்டு என்ற இந்த ஒருமய-இருமய ஏற்பாடே கறையானுக்குக் கிடையாது, அதிலும் வேலைக்காரர் உண்டு. பத்தியை நீக்கச் சொல்லவில்லை. “அதனால்” என்பதை நீக்குங்கள்.

செ.வா. எழுதியது:

நீக்கியாயிற்று. அடுத்து, தன் சந்ததியோடு உறவுக்குச் செய்த உதவியையும் எண்ணும் அளவுக்கு வரைவில் ‘உள்ளடக்கிய தகுதி’ என்று இருக்கிறது.

ந.கு. எழுதியது:

அதுதான் இருப்பதிலேயே கெட்ட சொல். எல்லாவற்றையும் உள்ளே போட்டுக் கூட்டு என்கிறது. மாணவர் அப்படியே செய்வார்: தன் பிள்ளைகள், அதோடு அண்ணன் பிள்ளைகளில் பாதி, அத்தை பிள்ளைகளில் நாலில் ஒரு பங்கு. ஒரே குழந்தையைக் குடும்பமே எண்ணிவிடும். ஹாமில்டன் முதலில் கழிக்கச் சொல்கிறார்: பிறர் உதவியால் எனக்குக் கிடைத்த பிள்ளைகளை என் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். பிறகு என் உதவியால் உறவுக்குக் கூடியதை மட்டும் கெழுவால் பெருக்கிச் சேர்க்க வேண்டும்.

தூ. எழுதியது:

‘உறவுசேர் தகுதி’?

ந.கு. எழுதியது:

சேர்ப்பது வந்தது, கழிப்பது வரவில்லை. வேறு தோன்றவும் இல்லை. உரையில் கழித்தலைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லி ஒப்புக்கொள்கிறேன்.

செ.வா. எழுதியது:

உறவில்லாத உயிர்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல், 1971-இல் உயிரியலாளர் டிரைவர்ஸ் எழுதியது, அதற்குக் ‘கைம்மாறு’ என்று போட்டேன். “கைம்மாறு வேண்டா கடப்பாடு” நினைவுக்கு வந்தது. எதிர்ப்பு உண்டா?

ந.கு. எழுதியது:

இல்லை. ஆங்கிலத்தைவிட மேல். பின்னால் திரும்பி வருவதால் வாழ்நாள் கணக்கில் நட்டமே இல்லை. கறாராகப் பார்த்தால் அது ஈகமே அல்ல. கைம்மாறு என்று தனிச்சொல் இருப்பதால் நாம் அந்த வம்பிலிருந்து தப்பினோம். ரத்தம் குடிக்கும் வௌவால் பசித்த தோழிக்குக் கக்கி ஊட்டுவதை அங்கே சேர்க்கலாம்.

ஆனால் ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று உத்திகள் மோதிய ஆக்சல்ராடின் கணினிப் போட்டியில் வென்ற உத்தியைப் ‘பழிக்குப் பழி’ என்று எழுதியிருப்பதை உடனே எடுங்கள். அது முதல் ஆட்டத்தில் ஒத்துழைக்கும், பிறகு எதிராளி முந்தைய ஆட்டத்தில் செய்ததையே செய்யும். நல்லதுக்கும் பதில் தருகிறது. ‘பதிலுக்குப் பதில்’ போதும். அதன் பலவீனத்தையும் ஒரு வரி சேருங்கள்: அதே உத்தியை ஆடும் இருவரில் ஒருவர் ஒருமுறை கைதவறி ஏமாற்றிவிட்டால், அடுத்து இவர், அடுத்து அவர் என்று மாறி மாறிப் பழிவாங்கல் ஓயாது.

தூ. எழுதியது:

சுரக்காமல் இரும்பை உறிஞ்சும் பாக்டீரியாவுக்கு ‘ஏமாற்றுக்காரன்’ என்று வரைவில் பார்த்தேன். புலவர் ஐயா இன்னும் கவனிக்கவில்லை போல.

புலவர் மு. எழுதியது:

கவனித்தேன், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பாக்டீரியா ஆண்பாலா? உண்ணி, கொல்லி, ஒட்டுண்ணி போல இகர ஈறு வையுங்கள். ஏய்ப்பி.

யா. எழுதியது:

ஓசியுண்ணி என்று வைத்தால் விளக்கமே தேவையில்லை.

தூ. எழுதியது:

ஓசி தமிழா? கும்பெனி அஞ்சலில் கட்டணமில்லாக் கடிதங்களுக்கு இட்ட ஓ.சி. முத்திரையிலிருந்து வந்ததாகக் கதை சொல்வார்கள்.

யா. எழுதியது:

கதை எதுவானாலும், ஏய்ப்பி என்றால் ஒருவரும் அறியார், ஓசி என்றால் அறியாதவர் ஒருவரும் இல்லை. யாருக்காக நூல் எழுதுகிறோம்?

ந.கு. எழுதியது:

இரண்டும் வேண்டும். தன் பங்கைத் தராமல் பொதுப்பண்டத்தை அனுபவிப்பது ஓசியுண்ணி. கைம்மாற்றில் வாங்கிவிட்டுத் திருப்பாதது ஏய்ப்பி. ஆங்கிலத்தில் இரண்டையும் கலந்தடித்து எழுதுகிறார்கள், நாம் பிரித்தே வைப்போம்.

செ.வா. எழுதியது:

நாளை காலை அனுப்பிவிடுகிறேன். ஈகம் (நால்வர் சரி, ஒருவர் மறுப்பு), உறவுவழித் தெரிவு, உறவுக்கெழு, உறவுசேர் தகுதி (மனமில்லாமல்), கைம்மாறு, ஏய்ப்பி. ஓசியுண்ணியைப் பதிப்பாசிரியர் அடிப்பார் என்று தோன்றுகிறது. அடித்தால் ‘பங்களிக்காதது’ என்று போட்டுச் சமாளிக்கிறேன்.

புலவர் மு. எழுதியது:

அந்த ஒருவர் நான்தான் என்று பதிவாகட்டும். ஈகம் என்றால் கொடுத்தது தெரிகிறது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. பிறிதின்நலத்தில் அது சொல்லுக்குள்ளேயே இருந்தது. அடுத்த இயல் குழுத் தெரிவு என்றீர்கள். குழுவுக்குக் கொடுத்ததா, குழுவில் உள்ள ஒன்றுக்குக் கொடுத்ததா என்று அங்கே கேட்பார்கள். அப்போது மறுபடி எழுதுகிறேன்.

செ.வா. எழுதியது:

அது அடுத்த மாதக் கெடு ஐயா.