பிரான்ஸில் பிள்ளைக்கு எஞ்சினியரிங்: பிராஞ்ச் சண்டையை நிறுத்திவிட்டு எதைப் பார்ப்பது?

கேள்வி, மாஸியிலிருந்து:

வணக்கம். வேலை மாற்றலாகி ஆகஸ்ட்டில் கோயம்புத்தூரிலிருந்து வந்தோம். பையன் செகோந்த் படிக்கிறான், நம் ஊர்க் கணக்கில் பத்தாம் வகுப்பு. எஞ்சினியரிங் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸா, மெக்கானிக்கலா என்பதில்தான் எனக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. போன வாரம் ஒரு கல்விக் கண்காட்சியில் தனியார் பள்ளி ஒன்று வருடத்துக்கு 9,000 யூரோ என்றது. அரசுப் பள்ளிகளில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கற்றுக்கொடுத்து 'ஜெனெரலிஸ்த்' எஞ்சினியர் என்று அனுப்பிவிடுகிறார்களாம். அதை வைத்துக்கொண்டு யார் வேலை தருவார்கள்? விவரம் தெரிந்த அண்ணன், அக்காமார் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, முதலில் அந்த 9,000 யூரோ பள்ளிக்கு முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். பையன் செகோந்த்தான். பார்கூர்சூப் என்ற அரசுச் சேர்க்கைத் தளத்தில் விருப்பப் பட்டியல் போடுவது தெர்மினால் வருடத்து, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, ஜனவரியில். பிராஞ்ச் சண்டையையும் அதுவரை ஒத்திப்போடலாம், பெரும்பாலும் அதற்கப்புறமும் தேவைப்படாது.

நம் ஊரில் கட்-ஆஃப் பார்த்து, கலந்தாய்வில் கல்லூரியையும் பிராஞ்சையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுகிறோம். பதினேழு வயதில் சிவில் என்று விழுந்தால் ஆயுசுக்கும் சிவில். இங்கே எஞ்சினியர் பட்டம் பாக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு, முடித்து ஐந்து வருடம். அதில் முதல் இரண்டு வருடம் எல்லோருக்கும் கணக்கு, இயற்பியல், வேதியியல், கொஞ்சம் கம்ப்யூட்டர். இன்ன துறை என்ற பேச்சே மூன்றாம் வருடத்தில்தான் வரும். சென்ட்ரால் மாதிரி ஜெனெரலிஸ்த் பள்ளிகளில் இன்னும் தாமதம். அங்கே போனதும் மெக்கானிக்ஸ், வெப்பவியல், எலெக்ட்ரானிக்ஸ், நிரலாக்கம், புள்ளியியல், அதோடு பொருளாதாரம், கணக்குப்பதிவு, இரண்டு மொழிகள் எல்லாம் எல்லோருக்கும் உண்டு. கடைசி வருடம்தான் ஆற்றல், கட்டுமானம், தரவு என்று ஒரு பக்கம் சாய்வார்கள்.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. பாரிஸில் எகோல் சென்ட்ராலை 1829-ல் தொடங்கியவர்கள், தொழிற்சாலைக்கு வேண்டிய விஞ்ஞானம் மொத்தமும் ஒன்றுதான், துண்டு போட்டுப் படித்தால் எஞ்சினியர் ஆக முடியாது என்று வாதிட்டார்கள். குஸ்தாவ் ஈஃபெல் அங்கே 1855-ல் முடித்தவர். அவர் எடுத்த பிரிவு எது தெரியுமா? வேதியியல். திஜோனில் மாமா வைத்திருந்த வினிகர் தொழிலில் சேர்வதாகத்தான் ஏற்பாடு. குடும்பத் தகராறில் அது நின்றுபோனது, அவர் ரயில்வே வேலைக்குப் போனார், பாலம் கட்டினார், மீதி உலகத்துக்கே தெரியும். 1909-ல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டிய ப்ளேரியோவும் சென்ட்ரால்காரர்தான். அதற்கு முன்பு கார் விளக்கு செய்து விற்றுக்கொண்டிருந்தார்.

'கொஞ்சம் கொஞ்சம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை என்பதை ப்ரேபா படிக்கும் பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். ப்ரேபா என்பது ஒரு லிசேயிலேயே (மேல்நிலைப் பள்ளி) இரண்டு வருடம் படித்து, கொன்கூர் என்ற போட்டித் தேர்வு எழுதி, ரேங்க் படி மூன்று வருடப் பள்ளிக்குள் போகும் வழி. என் மகள் அந்த வழியில் போனாள். வாரா வாரம் 'கோல்' என்று ஒன்று உண்டு. ஒரு மணி நேரம், மூன்று பிள்ளைகள், ஆளுக்கொரு பலகை, ஒரு பரீட்சகர். முதலில் ஒரு தேற்றத்தைச் சொல்லி நிரூபிக்க வேண்டும், பிறகு அதுவரை பார்த்திராத ஒரு கணக்கு. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு யோசிக்க வேண்டும். சும்மா நின்றாலும் மார்க் போகும், தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினால் இன்னும் போகும். இருபதுக்கு ஆறு வாங்கி வந்து இரவு சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். லிசேயில் பதினெட்டுக்குக் குறையாமல் வாங்கியவள். முதல் செமஸ்டரில் இது சகஜம், பெற்றோர் பதறக் கூடாது. எதைக் கொடுத்தாலும் பயப்படாமல் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கும் தைரியம் அங்கேதான் வருகிறது. கம்பெனிகள் ஜெனெரலிஸ்த்துக்குச் சம்பளம் கொடுப்பது அதற்காகத்தான்.

அந்த வதை வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு, அதுவும் அரசு வழிதான். பாக் முடித்ததும் நேரே சேர்ந்து ஐந்து வருடம் படிக்கும் இன்சா, பொலிடெக் பள்ளிகள், கொம்பியேன், த்ருவா, பெல்ஃபோர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள். லியோன் இன்சாவை 1957-ல் நிறுவியவர்களில் ஒருவரான காஸ்தோன் பெர்ஜே ஒரு தத்துவக்காரர். எஞ்சினியருக்கு மனிதர்களைப் பற்றியும் படிப்பு வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இன்றும் அங்கே சமூகவியல், கலை, விளையாட்டு எல்லாம் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. நம்மவர்கள் இதை 'டைம் வேஸ்ட்' என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் இடத்துக்கு இந்தப் பிள்ளைகள் சீக்கிரம் போய்விடுகிறார்கள். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இன்சாவில் முதல் இரண்டு வருடம்தான் பொது, அப்புறம் ஒரு துறைக்குள் போக வேண்டும். எந்தத் துறை என்பது அந்த இரண்டு வருட மார்க்கையும் பொறுத்தது.

பெயர் விஷயத்திலும் கவனம். எகோல் பொலிடெக்னிக் வேறு, பொலிடெக் வேறு. முன்னது 1794-ல் தொடங்கிய, ராணுவ அமைச்சகத்தின் கீழ் உள்ள பள்ளி, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பலேசோவில் இருக்கிறது. பின்னது பல்கலைக்கழகங்களுக்குள் இயங்கும் பள்ளிகளின் கூட்டு. ஊரில் அத்தை மாமாவிடம் மாற்றிச் சொல்லிவிட்டால் அப்புறம் திருத்தவே முடியாது.

இப்போது பணம். கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள பெரும்பாலான எஞ்சினியர் பள்ளிகளில் வருடக் கட்டணம் 600 யூரோ சொச்சம். அதோடு மாணவர் நல வரியாக 100 யூரோ போல. சில சென்ட்ரால் பள்ளிகளில் 2,500 யூரோ, சில இடங்களில் அதற்கும் மேல். ஒவ்வொரு வருடமும் மாறுவதால் பள்ளியின் தளத்திலேயே பாருங்கள். க்ரூஸ் என்ற அரசு மாணவர் நல அமைப்பின் உதவித்தொகை கிடைக்கும் பிள்ளைக்குக் கட்டணம், வரி இரண்டுமே இல்லை. ஆனால் உங்களை மாதிரி ஐரோப்பிய நாடு எதிலும் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்த உதவித்தொகை கிடைக்க, பெற்றோரின் வரிக்கணக்கு இரண்டு வருடமாகவாவது பிரான்ஸில் இருக்க வேண்டும். அதனால் சம்பளம் குறைவு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் முதல் வருடத்திலிருந்தே வருமான வரிப் படிவம் கொடுங்கள். வெளிநாட்டு மாணவருக்கான அதிகக் கட்டணத்திலிருந்து தப்பவும் அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

கண்காட்சியில் பார்த்த பள்ளிக்கு வருகிறேன். தனியார் என்றாலே மோசம் என்று சொல்ல மாட்டேன், நல்ல தனியார் பள்ளிகளும் இருக்கின்றன. நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்தப் படிப்புக்கு 'தித்ர் தெஞ்செனியர்', அதாவது சட்டப்படியான எஞ்சினியர் பட்டம், உண்டா? அதைக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று ஆராய்ந்து சொல்ல 1934 சட்டப்படி ஓர் ஆணையம் இருக்கிறது, சே.தே.ஈ. என்பார்கள். நாட்டில் சுமார் 200 பள்ளிகளுக்கு அந்த அங்கீகாரம் உண்டு, பட்டியல் இணையத்தில் கிடைக்கும். எகோல் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். 'எஞ்செனியர் திப்லோமே' என்று பட்டம் கொடுக்க முடியாது. ஸ்டாலில் இருப்பவர் பேச்சை மாற்றி 'மாஸ்தேர்', 'எக்ஸ்பெர்' என்று ஏதாவது பெயர் சொன்னால் பையையும் பிரசுரத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இந்த வருடம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த வருடம் ப்ரெமியேரில் (பதினொன்றாம் வகுப்பு) மூன்று சிறப்புப் பாடங்கள் எடுக்க வேண்டும், தெர்மினாலில் அதில் ஒன்றை விட வேண்டும். கணக்கும் இயற்பியல்-வேதியியலும் கடைசிவரை கையில் இருக்கட்டும். தெர்மினாலில் 'மாத் எக்ஸ்பெர்த்' என்ற கூடுதல் கணக்கையும் எடுத்தால் ப்ரேபாவில் மூச்சு வாங்காது. இதில் தவறினால் பின்னால் சரிசெய்வது மிகவும் கஷ்டம். வேலை யார் தருவார்கள் என்ற கவலைக்கு, பள்ளியின் ஸ்டாஜ் (வேலைப் பயிற்சி) பட்டியலைப் பாருங்கள். ஐந்து வருடத்தில் குறைந்தது 28 வாரம் ஸ்டாஜ் செய்தாக வேண்டும். முதல் ஸ்டாஜ் பெரும்பாலும் கிடங்கிலோ, அசெம்பிளி வரிசையிலோ ஒரு மாதக் கூலி வேலை. என் மகள் பெட்டி ஒட்டினாள். கடைசி ஆறு மாத ஸ்டாஜ் பல பேருக்கு அப்படியே வேலையாகிவிடுகிறது.

கேள்வி, அதே மாஸிக்காரர்:

ரொம்ப நன்றி அக்கா. பையனுக்கு இன்னும் பிரெஞ்சு சரளமாக வரவில்லை, வரவேற்பு வகுப்பில்தான் இருக்கிறான். ப்ரேபா தாங்குவானா?

பதில்:

உண்மையைச் சொன்னால், கணக்கு தாங்குவான், கொன்கூரில் வரும் பிரெஞ்சு-தத்துவத் தாள்தான் உதைக்கும். நீண்ட கட்டுரையைச் சுருக்கி, விவாதித்து எழுத வேண்டும். இங்கேயே பிறந்த பிள்ளைகளே அதில் வழுக்குகிறார்கள். உங்கள் நிலைமையில் நான் ஐந்து வருடப் பள்ளிகளைத்தான் முதலில் பார்ப்பேன். லியோன் இன்சாவில் 'ஸ்கான்' என்ற பிரிவில் முதல் இரண்டு வருடம் ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறார்கள், கூடவே பிரெஞ்சு, அப்புறம் எல்லோரோடும் சேர்ந்து பிரெஞ்சில். பார்கூர்சூப்பில் இன்சா கூட்டம் மொத்தமும் ஒரே விருப்பமாகத்தான் கணக்கு, ஊர்கள் அதன் உட்பிரிவு. போட முடிகிற பத்து விருப்பத்தில் ஒன்றுதான் செலவாகும். ஜனவரி, பிப்ரவரி சனிக்கிழமைகளில் பள்ளிகளைத் திறந்து காட்டுவார்கள். மாஸி ஸ்டேஷனிலிருந்து சாக்லே மேட்டுக்கு பஸ் இருக்கிறது, அங்கே உள்ள சென்ட்ரால்சுபெலெக் பள்ளியை ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஆசிரியரை விட்டுவிட்டு வழிகாட்டும் மாணவர்களிடம் பேசச் சொல்லுங்கள் பையனை.

கேள்வி, லா கூர்நெவிலிருந்து:

வணக்கம் அக்கா. நாங்கள் யாழ்ப்பாணம், இங்க வந்து பதினைஞ்சு வருசம். மகன் எஸ்தேஈ-தூ-தே எண்ட டெக்னாலஜி பாக் செய்யிறான். எஞ்சினியர் எல்லாம் ஜெனரல் பாக் பிள்ளைகளுக்குத்தான், பேதேஎஸ் எண்ட ரெண்டு வருசத் தொழில் டிப்ளோமா செய்யச் சொல்லி ஆசிரியர் சொல்லிப்போட்டா. லாச்சப்பலில் ஒருத்தர் காசு கட்டினால் இடம் எடுத்துத் தரலாம் எண்டும் சொல்லுறார்.

பதில்:

தங்கச்சி, காசு வாங்கி இடம் எடுத்துத் தருகிறேன் என்பவரை நம்பவே நம்பாதீர்கள். அரசுப் பள்ளியில் அப்படி ஒரு இடமே கிடையாது.

ஆசிரியை சொன்னதும் முழுக்கச் சரியில்லை. டெக்னாலஜி பாக் பிள்ளைகளுக்கென்றே இன்சாவிலும் பொலிடெக்கிலும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், போட்டி அவர்களுக்குள்தான். அது கிடைக்காவிட்டால் இயுதேயில், அதாவது பல்கலைக்கழகத் தொழில்நுட்ப நிலையத்தில், 'பூட்' என்ற மூன்று வருடப் படிப்பில் சேருங்கள். அங்கே வகுப்பில் மேல்நிலையில் இருந்தால் இரண்டாம் வருடத்துக்குப் பிறகோ, மூன்றாம் வருடம் முடித்தோ எஞ்சினியர் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். பேதேஎஸ் செய்தாலும் கதவு மூடவில்லை, 'ஆதேஎஸ்' என்று ஒரு வருட ப்ரேபா இருக்கிறது. எந்த வழியில் நுழைந்தாலும் கடைசியில் கையில் வருவது அதே தித்ர்தான், டிப்ளோமாவில் எந்த வாசலால் வந்தார் என்று எழுத மாட்டார்கள்.

மகனுக்குக் கையால் செய்யும் வேலையில் ஆர்வம் இருந்தால் கடைசி மூன்று வருடத்தை அப்ரான்திஸாஜில், அதாவது படிப்பும் கம்பெனி வேலையும் மாறி மாறி, செய்யச் சொல்லுங்கள். கட்டணம் கம்பெனி பக்கம் போய்விடும், மாதச் சம்பளமும் வரும். கம்பெனியை அவரேதான் தேட வேண்டியிருக்கும், அதனால் பிப்ரவரியிலேயே சீவியை அனுப்பத் தொடங்கட்டும். தெரிந்த அண்ணாமார் வேலை செய்யும் இடங்களிலும் கொடுக்கச் சொல்லுங்கள், இங்கே அது வெட்கப்படும் விஷயம் இல்லை.

கேள்வி, துலூஸிலிருந்து:

அக்கா, நான் திருச்சியில் பி.இ. முடித்து இரண்டு வருட அனுபவத்தோடு துணைவிசாவில் வந்திருக்கிறேன். நானும் இந்த ஜெனெரலிஸ்த் பட்டம் எடுக்க வேண்டுமா?

பதில்:

என் அபிப்பிராயம், வேண்டாம்மா. அந்தப் படிப்பின் பலன் அகலத்தில் இருக்கிறது, உனக்கு ஏற்கெனவே ஒரு துறையும் அனுபவமும் இருக்கிறது. இங்கே எஞ்சினியராக வேலை பார்க்க உரிமம் எதுவும் தேவையில்லை, தித்ர் இல்லாமலே எத்தனையோ பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஏனிக்-நாரிக் மையத்தில் பி.இ.க்கு ஒப்பீட்டுச் சான்றிதழ் வாங்கு, பிரெஞ்சை பி2 வரை கொண்டுவா, உன் துறையில் பல்கலைக்கழக மாஸ்தேர் இரண்டாம் வருடத்துக்கு முயற்சி செய். தித்ர் கட்டாயம் வேண்டும் என்றால் எஞ்சினியர் பள்ளிகளில் பட்டத்தின் பேரில் நேரடிச் சேர்க்கை உண்டு, எந்த வருடத்தில் சேர்ப்பது என்பதைப் பள்ளிதான் முடிவு செய்யும். விண்ணப்பங்களுக்குத் தேதி பள்ளிக்குப் பள்ளி வேறு. மதிப்பெண் பட்டியலின் மொழிபெயர்ப்பை நீதிமன்றப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் இப்போதே கொடுத்துவிடு.