என்ஜின்எக்ஸ் 1.22-இலிருந்து 1.28-க்கு மாறும்முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

கேள்வி:
வணக்கம். டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) இயங்கும் சர்வரில் நான்கு தளங்களை நானே நடத்தி வருகிறேன். டெபியனோடு வந்த என்ஜின்எக்ஸ் என்ற வலைச்சேவை மென்பொருளின் 1.22 பதிப்புக்குப் பதிலாக, என்ஜின்எக்ஸ் திட்டத்தாரே வெளியிடும் 1.28 பேக்கேஜை நிறுவ எண்ணியிருக்கிறேன். இரண்டு தளங்கள், பிஎச்பி நிரல்களை இயக்கித் தரும் பிஎச்பி-எஃப்பிஎம்மைச் சார்ந்தவை. வருபவரின் ஐபி முகவரியைக் கொண்டு இடத்தை அறியும் ஜியோஐபி2 மாட்யூலை (கூடுதல் செருகியை) நானே கம்பைல் செய்து சேர்த்திருக்கிறேன். கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகளுக்கு பேக்கப் எடுத்தாயிற்று. அவற்றைச் சரிபார்க்கும் சோதனைக் கட்டளையும் பிழை எதையும் காட்டவில்லை. இனி நிறுவிவிடலாமா?

பதில் 1:
சற்றுப் பொறுங்கள். அந்தக் கட்டளையை இயக்கியது பழைய 1.22, ஆகவே உங்கள் கோப்புகள் 1.22-க்கு ஏற்றவை என்பது மட்டுமே அதனால் உறுதியாகிறது. எடுத்துக்காட்டாக, மறையாக்க இணைப்பை இயக்கும் ‘எஸ்எஸ்எல் ஆன்’ என்ற தனி வரி எங்கேனும் இருந்தால், 1.22 எச்சரித்துவிட்டு ஓடும். ஆனால் அந்த வரிக்கான ஆதரவு 1.25.1-இலேயே நீக்கப்பட்டுவிட்டதால் 1.28 கிளம்பவே மறுத்துவிடும். எந்த போர்ட்டில் இணைப்பை ஏற்பது என்று சொல்லும் ‘லிசன்’ வரியிலேயே ‘எச்டிடிபி2’ என்று எழுதும் பழைய முறையோ இன்னும் எச்சரிக்கையோடு செல்லுபடியாகிறது. அதை நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் மாட்யூலை 1.28-இன் மூல நிரலைக் கொண்டு மீண்டும் கம்பைல் செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் 1.22.1-ஐக் குறிக்கும் 1022001 என்ற எண்ணும் 1028 என்று தொடங்கும் எண்ணும் பொருந்தவில்லை என்ற பிழையோடு சர்வர் நின்றுவிடும். ஒரு தற்காலிக மெய்நிகர் கணினியில் 1.28-ஐ நிறுவி, உங்கள் கோப்புகளை அங்கே வைத்துச் சோதியுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் நான் அடிபட்ட இடம் அதுதான். கான்ஃபிக்கில் பிழை இருக்கும்போது ரீலோடு செய்தால் (நிறுத்தாமலே கோப்பை மீண்டும் படிக்கச் சொன்னால்), என்ஜின்எக்ஸ் புதிய கோப்பை ஒதுக்கிவிட்டு, நினைவகத்தில் இருக்கும் பழைய அமைப்போடு தொடர்ந்து ஓடும். தளமும் வழக்கம்போலத் திறக்கும். என் சர்வரில் சான்றிதழ்க் கோப்பின் பாதையைத் தவறாகத் திருத்திவிட்டு, அதை அறியாமலே பல மாதங்கள் கழித்திருக்கிறேன். பதிப்பை மாற்றிய இரவில்தான் முதன்முறையாக முழு ரீஸ்டார்ட் நடந்தது. தளம் எழவில்லை, நான் புதிய பதிப்பின்மேல் பழியைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் வேறு இடங்களில் தேடினேன். ஆகவே முதலில் 1.22-ஐயே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, அது எழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
1.22 சரியாக எழுந்தது. மாட்யூலையும் மீண்டும் கம்பைல் செய்துவிட்டேன். ஆனால் சோதனைக் கணினியில் புதிய பேக்கேஜின் முதன்மைக் கோப்பை அப்படியே விட்டு, தளங்களுக்கான கோப்புகளை மட்டும் கொண்டு சென்றபோது, முதலில் என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கமே வந்தது. தளங்களின் கோப்புகள் இருக்கும் ‘சைட்ஸ்-எனேபிள்ட்’ அடைவை முதன்மைக் கோப்பில் சேர்த்தபின் தளங்கள் தெரிகின்றன. பிஎச்பி பக்கங்கள் மட்டும் 502 பிழையைக் (பின்னணி நிரலிடமிருந்து சரியான பதில் இல்லை) காட்டுகின்றன. எரர் லாகில், பிஎச்பி-எஃப்பிஎம்மோடு தொடர்புகொள்ளும் சாக்கெட்டைத் திறக்க அனுமதி மறுக்கப்பட்டதாக இருக்கிறது.

பதில் 1:
அந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இரு பேக்கேஜ்களின் ஏற்பாடு வெவ்வேறு. ‘சைட்ஸ்-எனேபிள்ட்’ என்பது டெபியனின் ஏற்பாடு. திட்டத்தாரின் பேக்கேஜ் ‘கான்ஃப்.டி’ அடைவை மட்டுமே படிக்கும். அதேபோல், டெபியனில் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற பயனராக ஓடிய என்ஜின்எக்ஸ், இங்கே ‘என்ஜின்எக்ஸ்’ என்ற பயனராக ஓடுகிறது. பிஎச்பியின் சாக்கெட்டோ முன்னவருக்கு மட்டுமே திறக்கும். முதன்மைக் கோப்பின் ‘யூசர்’ வரியில் பழைய பெயரை இட்டால் போதும். சாக்கெட்டை எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லும் குறிப்புகளும் கண்ணில் படும். அவற்றைப் பின்பற்ற வேண்டாம்.

உண்மையான சர்வரில், உங்கள் கோப்பை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா என்று நிறுவி கேட்டால், உங்களுடையதையே வைத்துக்கொள்ளுங்கள். நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியலைப் படித்துவிட்டு ஒப்புதல் தாருங்கள். எக்காரணம் கொண்டும் ‘பர்ஜ்’ கொடுக்க வேண்டாம். அது கான்ஃபிக்கையும் அழித்துவிடும்.

பதில் 2:
திரும்பும் வழியையும் முன்னதாகவே ஒத்திகை பாருங்கள். 1.22-இன் பேக்கேஜ் கோப்புகளையும் பழைய மாட்யூல் கோப்பையும் சர்வரிலேயே தனி அடைவில் இறக்கி வையுங்கள். சோதனைக் கணினியில் 1.28-இலிருந்து 1.22-க்கு ஒருமுறை இறங்கிப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
யூசர் வரியை மாற்றியதும் 502 மறைந்தது. இறங்கிப் பார்த்ததில் ஆறு நிமிடம் ஆனது; அதில் நான்கு நிமிடம், பழைய மாட்யூல் கோப்பை எங்கே வைத்தேன் என்று தேடியதில் போயிற்று. அதையும் பேக்கேஜ்களோடு ஒரே அடைவில் வைத்துவிட்டேன். இன்றிரவு உண்மையான சர்வரில் நிறுவுகிறேன்.