பிரையண்ட் பூங்கா கண்ணாடி மாளிகை: அம்மாவைக் கூட்டிட்டுப் போக விவரம் வேணும்

வணக்கம் மக்களே, மதுரை வில்லாபுரத்துல இருந்து எழுதுறேன். அம்மா மொட்டைமாடியில ஆசையா ஒரு பிகோனியா வளர்க்கிறாங்க. அடிப்பக்கம் செக்கச்செவேல்னு இருந்த இலையெல்லாம் இந்த வெயில்ல ஓரம் கருகி, அப்பளம் மாதிரி நொறுங்குது. மழைக்காட்டு நிழல்ல வளர்ற செடி, நம்ம ஊர்ச் சூட்டை எப்படித் தாங்கும்? பாவம், தினமும் பக்கத்துல உட்கார்ந்து தண்ணி தெளிக்கிறாங்க.

அதான் கண்ணாடி மாளிகைக்குள்ள வளர்ற செடிகளைக் காட்டலாம்னு கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன். 1908-ல உருவான பூங்கா. 1857-ல வச்ச யூகலிப்டஸ் மரமும் அங்க இருக்கு. இ-பாஸ் எடுத்தாச்சு. அம்மாவுக்கு முட்டிவலி, படி ஏற முடியாது. வாசல்ல இருந்து கண்ணாடி மாளிகை வரைக்கும் சக்கர நாற்காலி போகுமா? உள்ள பிகோனியா இப்ப இருக்கா? சமீபத்துல போனவங்க சொல்லுங்களேன்.