ஹெல்மெட்டில் கேமரா மாட்டிய பிறகு: பிரிட்டன் சாலைகளில் நமக்கு நடந்தவை

டூட்டிங், தெற்கு லண்டன்

நான் நர்ஸ். ஆறு வருடமாக வேலைக்கு சைக்கிளில்தான் போகிறேன். பால்ஹம், கிளாப்பம், ஸ்டாக்வெல் என்று போகும் பாதை. முதல் இரண்டு வருடம் என்னிடம் கேமரா கிடையாது. அது ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு நவம்பர் காலை, நைட் ட்யூட்டி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டிப் போன கார் ஒன்று சட்டென்று என் முன்னாலேயே இடது பக்கத் தெருவுக்குள் திரும்பியது. பிரேக் பிடிக்க நேரமில்லை. அதன் பக்கவாட்டில் மோதி விழுந்தேன், காறை எலும்பு உடைந்தது. ஓட்டியவர் இறங்கி வந்து, "நான் இண்டிகேட்டர் போட்டேன், இவர்தான் வேகமாக வந்து இடித்தார்" என்றார். பார்த்தவர்கள் இரண்டு பேர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். அப்புறம் அவர் வார்த்தையா என் வார்த்தையா என்றுதான் ஆனது. இழப்பீட்டில் தப்பு பாதிப் பாதி என்று முடித்தார்கள். என் தோளில் வைத்த தகடு இன்னும் இருக்கிறது.

கை சரியானதும் முதலில் வாங்கியது கேமராதான். ஹெல்மெட்டில் ஒன்று, பின் விளக்கோடு சேர்ந்த கேமரா இன்னொன்று. முதல் வாரப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். ஒரு டாக்சிக்காரரை நான் மதுரைத் தமிழில் திட்டுவது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. இதை நாளைக்கு ஒரு நீதிபதி கேட்க வேண்டி வரலாம் என்று தோன்றியது. அன்றோடு கத்துவதை விட்டேன். இப்போது யாராவது உரசிக்கொண்டு போனால் வண்டி எண்ணை மட்டும் சத்தமாகச் சொல்கிறேன். மழையிலும் இருட்டிலும் எண் பலகை படத்தில் விழாமல் போகலாம், குரல் பதிவாகிவிடும். இங்கே பின் பலகை மஞ்சள். முன்னால் உள்ள வெள்ளையைவிட அதை என் கேமரா நன்றாகப் படிக்கிறது.

இன்னொன்று, கேமரா புதிதாக வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது. அகலமாகப் பிடிக்கும் லென்ஸ் தூரத்தைக் கூட்டிக் காட்டும். 2022 ஜனவரி 29 முதல் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு, 30 மைல் வேகம் வரை போகும் வண்டி சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது 1.5 மீட்டர் விட வேண்டும், வேகம் கூடினால் இன்னும் விட வேண்டும் என்கிறது. காவல் துறைக்கு நான் அனுப்பிய முதல் படத்துக்கு, இடைவெளி குறைவு என்று தெளிவாகத் தெரியவில்லை என்றுதான் பதில் வந்தது. எனக்கு ஆறவில்லை. தோழியின் காரை எங்கள் தெருவில் நிறுத்தி, என் ஹேண்டில்பார் முனையிலிருந்து அதன் கண்ணாடி வரை டேப் பிடித்து, 50 சென்டிமீட்டர், 1 மீட்டர், 1.5 மீட்டர் என்று மூன்று தூரத்திலும் படம் எடுத்தேன். 50 சென்டிமீட்டரில் நிற்கும் கார் திரையில் ஒரு மீட்டருக்கு அப்பால் நிற்பதுபோல் தெரிந்தது!

அதற்கடுத்த முறை, பால்ஹமில் ஒரு கார் என் முழங்கையை உரசுவதுபோல் போனபோது, அந்த மூன்று படங்களையும் சேர்த்து அன்று இரவே அனுப்பினேன். தாமதிக்கக் கூடாது. இதுமாதிரிக் குற்றத்துக்கு வழக்குத் தொடரப்போகிறோம் என்ற அறிவிப்பு வண்டியின் பதிவு உரிமையாளருக்கு 14 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். நாம் பத்தாம் நாள் அனுப்பினால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஓட்டியவரைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பியதாகப் பதில் வந்தது. அபராதம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நிம்மதி இருந்திருக்காது.

உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள். கார், வான் ஓட்டுகிறவர்களும் சொல்ல வேண்டும்.

ஹரோ, வடமேற்கு லண்டன்

அக்கா, நான் மற்றப் பக்கத்து ஆள். பதினொரு வருசமாக வான் ஓடுகிறேன். போன வருசம் நீங்கள் சொன்ன அந்த அறிவிப்புக் கடிதம் எங்கள் முதலாளிக்கு வந்தது. வான் அவர் பெயரில். யார் ஓடியது என்று 28 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அவருக்கே குற்றம், லைசென்சில் ஆறு தண்டப் புள்ளி. அவர் என் பெயரைக் கொடுத்தார். எனக்கு அப்படி ஒரு கோபம். நான் யாரையும் இடிக்கவில்லை, யாரும் விழவில்லை, எவனோ ஒருவன் தலையில் கமராவைக் கட்டிக்கொண்டு என் வேலையில் கை வைக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

பிறகு பொலிஸ் அந்தப் படத்தைப் பார்க்க வைத்தது. சைக்கிளின் பின்னால் பிள்ளை இருக்கை இருந்தது. அதில் ஒரு பிள்ளை இருந்தது. ஓடும்போது எனக்கு அது தெரியவே இல்லை. என் வான் கண்ணாடி அந்தத் தாயின் தோளுக்குப் பக்கத்தால் போகிறது. எனக்கும் அந்த வயதில் மகள் இருக்கிறாள். வகுப்புக்குப் போனேன், காசு கட்டினேன், கோபம் போய்விட்டது.

ஆனால் ஒரு நியாயம் நான் கேட்பேன். என் வானுக்கு எண் இருக்கிறது, சைக்கிளுக்கு இல்லை. சிவப்பு விளக்கில் நிற்காமல் போகிறவனை நான் என் டாஷ்கமராவில் பிடித்தாலும் யாருக்கு அனுப்புவது? 2016-இல் ஓல்ட் ஸ்ட்ரீட்டில் முன் பிரேக் இல்லாத சைக்கிள் மோதி ஒரு பெண் இறந்தார். அடுத்த வருசம் அதை ஓட்டிய இளைஞனுக்கு 18 மாதச் சிறை கொடுக்க, 1861-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத்தான் தூசி தட்டி எடுக்க வேண்டியிருந்தது. வேக எல்லை கூட சைக்கிளுக்குப் பொருந்தாது. ஆபத்தாக சைக்கிள் ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கும் அரசு மசோதா 2025-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. சுவிஸில் இருக்கும் என் மச்சான், அங்கே முன்பு சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் வில்லை ஒட்ட வேண்டும், 2012-இல் அதையும் எடுத்துவிட்டார்கள் என்றார். எண் பலகைதான் வழி என்று நான் அடம்பிடிக்கவில்லை. பொறுப்பு இரண்டு பக்கமும் வேண்டும் என்கிறேன்.

இல்ஃபோர்ட், கிழக்கு லண்டன்

ஹரோ அண்ணா கேட்டதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்போல. படித்துக்கொண்டே சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். ஒரு கார்க்காரர் என்னைப் பாதையோரத் தடுப்போடு சேர்த்து நெருக்கி, ஜன்னலைத் திறந்து எச்சில் துப்பினார். எல்லாம் கேமராவில் இருந்தது. அன்று இரவு அறைக்கு வந்து ஃபைலை எடுத்தேன். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் ஓரிரு நிமிடம் சேர்த்து, வெட்டாமல் அனுப்ப வேண்டும். அந்த முந்தைய நிமிடத்தில் நான் சிவப்பு விளக்கில் நிற்காமல் போகிறேன். கடக்க இறங்கிய ஒரு அம்மா குழந்தைத் தள்ளுவண்டியைப் பின்னுக்கு இழுக்கிறார். அப்போது எனக்கு ஆர்டர் தாமதம் மட்டும்தான் தெரிந்தது.

அனுப்பினால் எனக்கும் 50 பவுண்டு அபராதம் வரலாம். மூன்று நாள் யோசித்தேன். துப்பியவரை விட மனமில்லை, அதே சமயம் அந்த அம்மா முகமும் போகவில்லை. கடைசியில் முழுசாக அனுப்பினேன். சிவப்பில் போனதை நானே எழுதினேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. துப்பியவர் விஷயத்தில் நடவடிக்கை எடுத்ததாகச் சொன்னார்கள், என்ன நடவடிக்கை என்று சொல்லவில்லை. இப்போது சிவப்பில் நிற்கிறேன். நின்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு ஆர்டர் குறையும், அது உண்மை. அந்த நெருக்கடியைக் கொடுக்கிறவர்கள் எந்தக் கேமராவிலும் வருவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

கார்டிஃப், வேல்ஸ்

இங்கே ஆபரேஷன் ஸ்னாப் என்ற முறை. 2016-இல் வட வேல்ஸ் காவல் துறை தொடங்கி, பிறகு வேல்ஸ் முழுவதும் வந்தது. இணையத்தில் படிவம் நிரப்பி, படத்தை ஏற்றி, வாக்குமூலம் கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்கு வருவேன் என்று சம்மதிக்க வேண்டும். நான் ஒரு முறை நீதிமன்றம் வரை போயிருக்கிறேன். ஓட்டியவர் கையில் போன். 2022 மார்ச் முதல் போனைக் கையில் எடுத்து படம் பிடிப்பதும், பாட்டு மாற்றுவதும்கூடக் குற்றம், 200 பவுண்டு, ஆறு புள்ளி. அவர் ஒப்புக்கொண்டதால் நான் பேசவே வேண்டியிருக்கவில்லை.

நான் எழுத வந்தது வேறு. அதற்கு முன்பு ஒரு படத்தை எண் பலகையை மறைக்காமல் இணையத்தில் போட்டேன். எல்லாரும் பகிர்ந்தார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் யாரோ காரை அடையாளம் கண்டு, அது எந்தத் தெரு என்றே எழுதிவிட்டார். எழுபது தாண்டிய பெண்மணி அவர். அவர் செய்தது தப்புதான், ஒரு சந்திப்பில் என்னைப் பார்க்காமல் வெளியே வந்தார். ஆனால் அதற்கு அவர் வீட்டு வாசலில் போய்க் கத்தும் உரிமை யாருக்கும் இல்லை. நான் படத்தை நீக்கினேன், ஆனால் மற்றவர்கள் பகிர்ந்தது என் கையில் இல்லை. அதோடு, வழக்கு நடக்கும்போது படம் பொதுவில் இருந்தால் வழக்கே பாழாகலாம்.

ஜெரமி வைன் என்ற ஒளிபரப்பாளரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். 2016-இல் கென்சிங்டனில் தன்னை மிரட்டிய ஓட்டுநரின் படத்தை அவர் வெளியிட்டார், அந்த ஓட்டுநர் அடுத்த ஆண்டு சிறைக்குப் போனார். பல வருடம் இப்படிப் படங்கள் போட்டவர், தனக்கு வந்த வசவுகளும் மிரட்டல்களும் தாங்காமல் 2025-இல் நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். பொதுவில் போடுவது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. காவல் துறைக்கு மட்டும் அனுப்புங்கள்.

டூட்டிங்

எல்லாருக்கும் நன்றி. இல்ஃபோர்ட் தம்பி, நீங்கள் முழுசாக அனுப்பியதை நான் இரண்டு முறை படித்தேன். என்னிடமும் அப்படி ஒரு பதிவு இருக்கிறது. பக்கத் தெருவைக் கடக்க ஒரு பெரியவர் நிற்கிறார், நான் அந்தத் தெருவுக்குள் திரும்பி அவர் முன்னாலேயே போகிறேன். நிற்பவருக்கு வழிவிட வேண்டும் என்று 2022-இல் வந்த விதி எனக்கும்தான். அதை இன்னும் அழிக்கவில்லை.

ஹரோ அண்ணா, உங்கள் இருக்கையில் உட்கார்ந்தால் 1.5 மீட்டர் எவ்வளவு தெரியும் என்று எனக்கும் தெரியாது. நான் அளந்ததெல்லாம் சைக்கிள் பக்கத்திலிருந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வானை எங்காவது காலியான இடத்தில் நிறுத்துங்கள். டேப்பையும் சைக்கிளையும் கொண்டுவருகிறேன். ஒரு கேமராவை உங்கள் பக்கக் கண்ணாடியைப் பார்த்து வைப்போம், அதே மூன்று தூரத்தில் நான் நிற்கிறேன்.