மெயின் பேரிங் கேப் ஒன்றை மட்டும் மாற்றினால் லைன் போரிங் தேவையா?

புளியரை லாரி:
ஆரியங்காவு ஏற்றம் வழியாகப் புனலூருக்குச் சரக்கு கொண்டு செல்லும் எங்கள் ஆறு சிலிண்டர் டீசல் லாரியில், ஆயில் பிரஷர் குறைந்து மூன்றாவது மெயின் மெட்டல் (கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் ஓடு) தன் இடத்தில் நிற்காமல் சுற்றிவிட்டது. அதைப் பிளாக்கோடு சேர்த்துப் பிடிக்கும் அரைவட்டக் கேப்பும் விரிசல் விட்டிருக்கிறது. பிளாக் பக்கத்து அரைவட்டம் பார்வைக்கு நன்றாக உள்ளது. அதே மாடலின் கழித்துப்போட்ட பிளாக்கிலிருந்து ஒரு கேப் கிடைத்துள்ளது. அதை அப்படியே பூட்டலாமா, அல்லது கேப்பைப் பிளாக்கில் பூட்டி, துளையை மற்றவற்றோடு ஒரே நேர்கோட்டில் கடையும் லைன் போரிங் தேவையா?

செங்கோட்டைப் பட்டறை:
பூட்டலாம். கேப் பிளாக்கோடு சேரும் இணைப்பு முகத்தைச் சிறிது அராவியோ ஷிம் (மெல்லிய தகடு) வைத்தோ சரிசெய்து, நீல மை தடவிச் சமமாகப் படிகிறதா என்று பார்த்து, கிராங்க் கையால் தடையின்றிச் சுழன்றால் போதும். லைன் போரிங்குக்காகப் பிளாக்கைக் கோவைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் உரிமையாளருக்கு நட்டம்.

தென்காசி லேத்:
அண்ணாச்சி, இதை என்னால் ஏற்க முடியவில்லை. கேப்பைப் பிளாக்கில் முறுக்கிய பிறகே தொழிற்சாலையில் துளை கடைகிறார்கள். ஆகவே ஒரு கேப் தன் பிளாக்கோடு மட்டுமே முழு வட்டமாகும். வேறு பிளாக்கின் கேப் 0.05 மி.மீ. பக்கவாட்டில் விலகினாலும் இணைப்பில் படி விழுந்து, ஆயில் படலம் அங்கே அறுபடும். முகத்தை அராவினால் துளை நீள்வட்டமாகி, மெட்டலின் ஓரங்கள் ஜர்னலை (கிராங்கில் மெட்டலுக்குள் சுழலும் பகுதி) நோக்கி உள்ளே வளையும். ஷிம் வைத்தால் மெட்டலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தம் போய், அது மறுபடியும் சுற்றும். கிராங்க் கையால் சுழல்வது, ஏற்றத்தில் முழுச் சுமை விழும்போது நடப்பதற்குச் சான்றாகாது.

துளையில் கடைவதற்குப் பொருள் விட்டு வார்த்த புதிய கேப்பை வாங்கி, அதன் பக்க விளிம்புகளைப் பிளாக்கின் பள்ளத்தில் தட்டி இறங்கும் இறுக்கத்துக்கு மில்லிங் செய்து, போல்ட்டுகளைக் கையேட்டு அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கிய பின் கடைவதுதான் முறை.

செங்கோட்டைப் பட்டறை:
தம்பி, முறையைச் சொல்கிறீர்கள், நடப்பது வேறு. பல இடங்களில் ஏழு கேப்பையும் சீவிவிட்டு எல்லாத் துளைகளையும் கடைகிறார்கள். கிராங்க் மையம் ஹெட்டை நோக்கி ஏறுகிறது. பிஸ்டன் உயரம் கூடுகிறது. டைமிங் கியரின் பற்களுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்து என்ஜின் ஊளையிடுகிறது. அந்த வேலையை விடப் பழைய கேப் மேல்.

தென்காசி லேத்:
அந்தக் கேடு உண்மையானது. அதனால்தான் மற்ற ஆறையும் தொடக்கூடாது என்கிறேன். வெட்டுமுனை பூட்டிய தண்டான போரிங் பாரை நல்ல துளைகளின் மையத்துக்கு நிறுத்தி, வெட்டுமுனை பிளாக் பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் போகும்படி மூன்றாவதை மட்டும் கடைந்தால் மையம் நகராது. மெட்டல் சுற்றிய சூட்டில் அந்த அரைவட்டமே உருமாறியிருக்கலாம் என்பதால், பார்வையை நம்பாமல் அதையும் அளக்க வேண்டும்.

புளியரை லாரி:
வேலை முடிந்து வந்த பிளாக்கில் நான் எதைச் சரிபார்க்க வேண்டும்?

தென்காசி லேத்:
மெட்டல் இல்லாமல் எல்லாக் கேப்பையும் முறுக்கி, போர் கேஜால் ஒவ்வொரு துளையையும் செங்குத்தாகவும் இருபுறச் சாய்விலும் அளக்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த துளைகளின் மைய விலகல் பொதுவாக 0.025 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு. கிராங்கின் வளைவையும் விரிசலையும் பார்க்காமல் பூட்ட வேண்டாம். ஆயில் பாதைகளையும் கழுவ வேண்டும்.

செங்கோட்டைப் பட்டறை:
அராவாமல், ஷிம் வைக்காமல், அந்தப் பழைய கேப் இத்தனை அளவிலும் தேறினால் ஏற்பீர்களா?

தென்காசி லேத்:
தேறினால் ஏற்பேன், அண்ணாச்சி. முதலில் அதன் பக்க விளிம்பு இந்தப் பிளாக்கின் பள்ளத்தில் ஆட்டமில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். அங்கேயே ஆடினால் மேற்கொண்டு அளக்க வேண்டியதில்லை.