தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு டிரான்ஸ்மிட்டரைத் திட்டிய கதை

சர்க்கரை ஆலை ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியனாக இருந்த காலம். ஆஃப் சீசன் ஓவர்ஹாலிங் முடிந்து பாய்லர் ஏற்றினோம். மறுநாள் காலையிலேயே இன்சார்ஜ் கூப்பிட்டார். "ஃபீட் வாட்டர் மணிக்கு 40 டன் போகுது, ஸ்டீம் 34தான் காட்டுது. மிச்சம் எங்கப்பா போச்சு?" புளோடவுனுக்கு (பாய்லரில் சேரும் உப்பு, கசடு போக வெளியே விடும் தண்ணீர்) ஒரு டன் கழித்தாலும் 5 டன் உதைத்தது.

ஸ்டீம் பைப்பில் ஆரிஃபிஸ் பிளேட் என்ற துளையுள்ள தட்டு இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளந்து சிக்னலாக அனுப்புவது டிரான்ஸ்மிட்டர்; அதை வைத்துத்தான் ஓட்டம் தெரியும். வழக்கம்போலப் பழி டிரான்ஸ்மிட்டர் மேல். இரு பக்க அழுத்தத்தையும் சமமாக்கும் ஈக்வலைசிங் வால்வைத் திறந்து ஜீரோ பார்த்தேன், சரியாக 4 மில்லிஆம்ப் (பூஜ்யத்துக்கான சிக்னல்). கை பம்பை மாட்டி ரேஞ்ச் முழுக்க ஏற்றி இறக்கினேன், நூல் பிடித்த மாதிரி வந்தது. ஸ்டீம் குளிர்ந்து தண்ணீராக நிற்கும் கன்டென்சேட் பாட் இரண்டும் ஒரே மட்டம். அழுத்தத்தை டிரான்ஸ்மிட்டருக்குக் கொண்டுவரும் இம்பல்ஸ் லைனில் காற்று இல்லை. இதிலேயே இரண்டு நாள் போனது, திட்டு தனி.

மூன்றாம் நாள்தான் ஃப்ளாஞ்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஆரிஃபிஸ் பிளேட்டின் காது கண்ணில் பட்டது. டேக் நம்பரும் துளை அளவும் குத்திய முகம் ஸ்டீம் வரும் பக்கம் இருக்க வேண்டும். அலுமினியம் பெயின்டை அப்பி வைத்திருந்தார்கள். ஹாக்ஸா பிளேடால் சுரண்டினேன், வெறும் தகடு. பின்னால் சின்னக் கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்தால், எழுத்தெல்லாம் அந்தப் பக்கம்!

துளையின் கூர்விளிம்பு ஓட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். சரிவாகச் சீவிய பக்கம் முன்னால் வந்துவிட்டால் ஸ்டீம் வழுக்கிக்கொண்டு போய்விடும். அழுத்த வித்தியாசம் குறையும், மீட்டரும் குறைத்துக் காட்டும்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணே, எங்க பிளான்ட்டில் தட்டும் சரி, டிரான்ஸ்மிட்டரும் சரி. அழுத்த வித்தியாசத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால்தான் ஓட்டம் வரும். புதிதாக மாட்டியவர் டிரான்ஸ்மிட்டரிலேயே வர்க்கமூலத்தை ஆன் பண்ணிவிட்டார். டிசிஎஸ்ஸில் (கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர்) அது ஏற்கெனவே இருந்தது. இரண்டு தடவை வர்க்கமூலம் எடுத்தால் பாதி ஓட்டத்துக்கு 71 சதவீதம் காட்டும். ஆனால் முழு லோடில் 100க்கு 100 சரியாகவே வரும். அதனால் லோடு குறையும்வரை ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

*

நான் ஏசி டக்ட் ஆள். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று போனாலும் பிட்டோ குழாயில் (காற்றின் வேகத்தை அழுத்தமாக அளக்கும் குழாய்) கிடைப்பது 15 பாஸ்கல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் தண்ணீர். அதை சாதா யூ டியூபில் (தண்ணீர் நிரப்பிய U வடிவக் குழாய்) அளவு பார்த்தேன் என்று ஒருவர் ரிப்போர்ட் கொடுத்திருந்தார்! அதுவும் வளைவை ஒட்டியே ஓட்டை போட்டு, நடுவில் ஒரே ஒரு புள்ளியில். நேராக ஓடும் இடத்துக்குப் போய், கட்டம் பிரித்து 25 புள்ளி எடுத்தோம். அவர் எழுதிய காற்றளவு அங்கே இல்லவே இல்லை.

*

பம்ப் ஆபரேட்டர். தண்ணி லைன் மேலே ஓடுது, பிரஷர் கேஜ் 5 மீட்டர் கீழே. நடுவில் நிற்கிற தண்ணியோட எடையால அரை கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) எப்பவும் கூடத்தான் காட்டும். கழிக்காமலே வருஷக்கணக்கா லாக் எழுதியிருக்கோம்.

*

அப்புறம் என்ன செய்தீர்கள் என்று தனியாகக் கேட்டவருக்கு: பாய்லரை உடனே நிறுத்த விடவில்லை. அடுத்த நிறுத்தம்வரை ஃபீட் வாட்டர் கணக்கை வைத்தே ஓட்டினோம். தட்டை மாற்றிப் போட்ட ஃபிட்டர் அண்ணன்தான் கழற்றித் திருப்பவும் வந்தார். இந்தத் தடவை பெயின்ட் டப்பாவை நான் பக்கத்தில் விடவில்லை.